மீனையும் பாலையும் விட்ட பிறகும் எடை கூடுகிறதா? வயிறு உப்புகிறதா? எல்லைக் கிராமத்துத் தட்டில் ஒரு கணக்கு

மீன், முட்டை, இறைச்சி, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டீர்கள். உடம்பு இளைக்கும், வயிறு லேசாகும் என்று நினைத்திருப்பீர்கள். மூன்று மாதம் கழித்து எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. சாயங்காலம் ஆனால் வயிறு கும்மென்று உப்பிக்கொள்கிறது. 'அப்போ வீகன் சாப்பாடு நமக்கு ஒத்துக்காதா?' என்ற கேள்வி வருவது இயல்புதான்.

அந்த முடிவுக்கு வருமுன் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் விட்ட உணவு தட்டில் ஓர் இடம் பிடித்திருந்தது. இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது? எடை, வயிறு என்ற இரண்டு தொல்லைக்கும் பதில் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் அன்றாடச் சாப்பாட்டை வைத்து இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சைவமும் வீகனும் ஒன்றா?

இல்லை. சைவத்தில் பால், தயிர், மோர், நெய் உண்டு. வீகனில் விலங்கிலிருந்து வரும் எதுவும் கிடையாது, தேனும் சேர்த்துத்தான். தமிழில் இதை 'நனிசைவம்' என்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-ல் வீகன் உணவுகளுக்கென்று தனி விதிமுறைகளையும், பச்சை நிற 'வி' எழுத்து முத்திரையையும் கொண்டுவந்தது. அந்த முத்திரை, பொருளில் விலங்குச் சேர்மானம் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. சர்க்கரை, எண்ணெய், உப்பு எவ்வளவு என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

இந்த ஊர்களில் இது ஏன் பெரிய மாற்றம்?

மாதிரிப் பதிவு அமைப்பின் 2014-ம் ஆண்டு அடிப்படைக் கணக்கெடுப்பில், கேரளத்தில் 15 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு சுமார் 97 பேர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். தமிழ்நாட்டிலும் கிட்டத்தட்ட அதே எண்தான். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடுப்படி இன்னும் ஒன்றுதான்: சம்பா அரிசிச் சோறு, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், மீன்.

மரச்சீனி என்றால் மரவள்ளிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இந்தப் பயிரைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் போனபோது பல குடும்பங்களின் பசியை ஆற்றியது இதுதான். இதன் ஆராய்ச்சிக்கென்றே திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1963-ல் தொடங்கப்பட்டது.

கிழங்குக்கு மீன்கறிதான் ஜோடி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அது ருசிக்காக மட்டும் வந்த ஜோடி இல்லை. கிழங்கில் மாவுச்சத்து நிறைய, புரதம் மிகக் குறைவு. அந்தக் குறையை மீன் ஈடுகட்டியது. மீனை எடுத்துவிட்டால் கிழங்கு தனியாக நிற்கும்.

எடை எப்படிக் கூடுகிறது?

ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் தோராயமானவை.

பழைய தட்டு: 200 கிராம் கிழங்கு, 100 கிராம் சாளை மீன். கிழங்கில் 320 கலோரி, 3 கிராம் புரதம். மீனில் மட்டும் சுமார் 20 கிராம் புரதம்.

மீனை விட்ட பிறகு: வயிறு நிறையவில்லை என்று கிழங்கு 300 கிராம் ஆகிறது, தொட்டுக்கொள்ள 50 கிராம் தேங்காய் அரைத்த சம்மந்தி. கிழங்கில் 480, தேங்காயில் 175 முதல் 200. மொத்தம் 650 கலோரிக்கு மேல். புரதமோ 6 கிராம்தான்.

புரதம் குறைந்த சாப்பாட்டில் வயிறு நிறைந்த உணர்வு அதிக நேரம் நிற்பதில்லை. நாலு மணிக்கே பசிக்கும். அப்போது கைக்கு எட்டுவது என்ன? ஏத்தங்காய் சிப்ஸ், பழம்பொரி, பருப்புவடை. மூன்றுமே வீகனாகச் செய்யக்கூடியவைதான்! 50 கிராம் சிப்ஸில் மட்டும் சுமார் 260 கலோரி. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 120. பாலை விட்டீர்கள் என்பதற்காக இவை எதுவும் கணக்கில் குறைவதில்லை.

இது வீகன்களுக்கு மட்டுமான பிரச்னையும் இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, கேரளத்தில் எடை கூடிய அல்லது உடல் பருமனான பெண்கள் 2015-16-ல் 32.4 சதவீதம், 2019-21-ல் 38.1. ஆண்கள் 28.5-லிருந்து 36.4-க்கு ஏறினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2019-21-ல் பெண்கள் 40.4, ஆண்கள் 37 சதவீதம். இந்தியர்கள் கலோரியில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' ஆய்வு 2025-ல் சொன்னது. ஏற்கெனவே சோறும் கிழங்கும் நிறைந்த தட்டிலிருந்து புரதத்தை எடுத்துவிட்டால் அந்த விகிதம் இன்னும் ஏறும்.

அப்படியானால் வீகன் உணவில் எடை குறையாதா?

குறையலாம். பிரிட்டனில் சுமார் 38,000 பேரை வைத்து நடந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ வீகன்களிடம்தான் சராசரியாக மிகக் குறைவாக இருந்தது. ஆண்களில் இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு 24.4, வீகன்களுக்கு 22.5.

ஆனால் 'தாவர உணவு' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வகை இருக்கிறது. அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்களின் தரவை வைத்து 2016-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. முழுத் தானியம், காய், பழம், பயறு, கொட்டை வகைகள் நிறைந்த உணவு சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு அபாயம் குறைவு. தீட்டிய தானியம், இனிப்பு, சர்க்கரை பானம் நிறைந்த தாவர உணவு சாப்பிட்டவர்களுக்கு அபாயம் அதிகம். இரண்டுமே தாவர உணவுதான்.

பாக்கெட் உணவுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து நடத்திய ஒரு சோதனை 2019-ல் வெளியானது. மிகை பதப்படுத்தப்பட்ட உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 'வி' முத்திரை போட்ட பிஸ்கட்டும் பிஸ்கட்தான்.

சரி, வயிறு ஏன் உப்புகிறது?

இங்கே கதை கொஞ்சம் வேறு. புரதம் வேண்டும் என்று யாரோ சொல்ல, ஒரே வாரத்தில் கடலை, வன்பயறு, சோயா, சக்கைக்கொட்டை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டிருப்பீர்கள். பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. இவற்றை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. உடையாமல் பெருங்குடலுக்குப் போகும்போது அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்கின்றன. அதிலிருந்து வருவதுதான் அந்த வாயு. வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃப்ரக்டானும் இதே வேலையைச் செய்யும்.

இது நோய் இல்லை. அந்தப் பாக்டீரியாக்களுக்கும் குடலுக்கும் புதிய உணவு பழகச் சில வாரங்கள் ஆகும். நாம் ஒரே நாளில் மாறிவிடுகிறோம், குடல் மெதுவாக மாறுகிறது, அவ்வளவுதான். மலச்சிக்கலும் இப்படித்தான். நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் இறுகிக்கொள்ளும். 2,000 கலோரி சாப்பாட்டுக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அதை முதல் வாரத்திலேயே எட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காதவர்களுக்குப் பாலை நிறுத்தியதும் வயிறு லேசாகும். அதனால் உங்கள் வீட்டில் ஒருவருக்கு நன்றாகவும் இன்னொருவருக்குத் தொல்லையாகவும் இருந்தால் ஆச்சரியமில்லை.

வாயுத் தொல்லையைக் குறைக்க என்ன பண்ணலாம்?

• பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். தண்ணீரில் கரையும் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி அப்படியே போய்விடும்.

• சிறுபயறு, தோல் நீக்கிய பருப்பிலிருந்து தொடங்குங்கள். கடலையும் வன்பயறும் பிறகு. முளைகட்டிய சிறுபயறை வேகவைத்தே சாப்பிடுங்கள்.

• முதல் வாரம் ஒரு நேரத்துக்கு 2, 3 மேசைக்கரண்டி போதும். வயிறு ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ளக் கூட்டலாம்.

• சக்கைக்காலத்தில் கவனம் வேண்டும். சக்கை 2018 முதல் கேரளத்தின் மாநிலப் பழம். பிஞ்சும் சுளையும் கொட்டையும் ஒரே நாளில் தட்டுக்கு வந்தால் வயிறு சும்மா இருக்காது. ஒரு வேளை சக்கை என்றால் அந்த வேளையில் கிழங்கும் கடலையும் வேண்டாம்.

• மரச்சீனியைத் தோல் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிடும் பழக்கத்தை விடாதீர்கள். கிழங்கில் சயனைடை வெளியிடும் லினமாரின் இருக்கிறது. கசப்புக் கிழங்கில் அதிகம். சயனைடின் நஞ்சை முறிக்க உடலுக்கு, புரதத்தில் வரும் கந்தக அமினோ அமிலங்கள் தேவை. புரதம் குறைந்த தட்டில் கிழங்கை மட்டும் குவிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

• சீரகத் தண்ணீர், சுக்குக் காப்பி குடிக்கலாம், தவறில்லை. சுக்குக் காப்பியில் கருப்பட்டி எவ்வளவு போடுகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். இவை கொழுப்பைக் கரைக்கும் என்று நம்ப வேண்டாம்.

வாயுவைக் கிளப்பும் எல்லா உணவையும் ஒதுக்கும் 'லோ ஃபாட்மேப்' முறையை நீங்களாகவே தொடங்கிவிடாதீர்கள். அது சில வாரங்களுக்கு மட்டும், உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் செய்வது. வீகன் ஒருவர் பயறையும் ஒதுக்கினால் புரதத்துக்கு மிச்சம் அதிகம் இருக்காது.

தட்டை எப்படி மாற்றுவது?

விடை புதிதல்ல. கஞ்சியும் பயறும் என்று இங்கே தலைமுறைகளாகச் சாப்பிடுவதுதான். மேலே பார்த்த தட்டையே மாற்றிப் போடுவோம்: 150 கிராம் கிழங்கு, வேகவைத்த சிறுபயறு 200 கிராம். மொத்தம் 450 கலோரி, 16 கிராம் புரதம், பயறிலிருந்து மட்டும் 15 கிராம் நார்ச்சத்து. மீனில்லாத பழைய தட்டைவிட 200 கலோரி குறைவு. புரதம் இரண்டரை மடங்கு. ஆனால் இந்த 200 கிராம் நீங்கள் போய்ச் சேர வேண்டிய அளவு. முதல் நாளே வேண்டாம்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டில் 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு-பயறு, 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 35 கிராம் கொட்டை-விதை, 27 கிராம் எண்ணெய், 300 மில்லி பால் என்று கணக்குச் சொல்கிறது. தானியமும் பயறும் சமைக்காத எடை. கிழங்கு சாப்பிடும் நாளில் சோற்றைக் குறையுங்கள். இரண்டும் ஒரே பக்கத்துக் கணக்கு. பாலை விட்டவர் சுமார் 10 கிராம் புரதத்தையும் 350 மில்லிகிராம் கால்சியத்தையும் வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய அதே அளவு கால்சியம் உண்டு. எள், கீரையும் உதவும்.

தேங்காயை விலக்கச் சொல்லவில்லை. துவரனுக்கும் அவியலுக்கும் சம்மந்திக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு வீட்டில் எத்தனை தேங்காய் உடைகிறது, எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எதைக் குறைப்பது என்று அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

சாப்பாட்டில் கிடைக்காத ஒன்று

வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பும்படியான அளவில் இல்லை. தோசை மாவு புளிப்பதும் பழங்கஞ்சியும் அதைத் தராது. வீகன்கள் மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். கை, கால் மரத்துப்போவது, நாக்கு எரிவது, ஓயாத சோர்வு இதன் குறைபாடாக இருக்கலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தாலும் பி12 குறையும். அவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மீன் போனதால் அயோடினும் குறையும் என்பதால் அயோடின் உப்பையே பயன்படுத்துங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்தைக் கெடுக்கும் வயிற்றுப்போக்கு, தொடர் வாந்தி, ரத்தசோகை இருந்தால் வாயு என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். சாப்பாடு சரியாக இருந்தும் எடை ஏறினால் தைராய்டு, மாதவிடாய்க் கோளாறு, சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வீகனுக்கு மாறுவதென்றால் முன்கூட்டியே ஆலோசனை தேவை.

பக்கத்திலுள்ள குடும்ப சுகாதார மையத்திலேயே எடை, ரத்த அழுத்தம், சர்க்கரையைப் பார்க்கலாம். இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே எடை அதிகம் என்று கணக்கு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். போகும்போது ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதி எடுத்துப் போங்கள். 'நான் வீகன்' என்று சொல்வதைவிட அந்தக் காகிதம் டாக்டருக்கு அதிகம் உதவும்.