வைட் துரையின் ஊரும் நம் வீடும்

‘வைட்ஃபீல்டில் வீடு’ என்று சொந்த ஊரில் சொன்னால், “ஐ.டி. கம்பெனிங்க இருக்கிற இடம்தானே?” என்பார்கள். கம்பெனிகள் வந்தது 1990-களுக்குப் பிறகுதான். ஊருக்கு வயது அதைவிட நூறாண்டு கூடுதல். நம்மைப் போலப் பிழைப்பு நாடி வந்து குடியேறியவர்களுக்காகவே உண்டான ஊர் இது.

வைட் என்பது இங்கே நிறம் அல்ல; ஓர் ஆளின் பெயர். மதராசில் வாழ்ந்த டி.எஸ். வைட், ஆங்கிலோ-இந்திய மக்களுக்காகச் சங்கம் கண்டவர். சர்க்கார் உத்தியோகத்தையே நம்பிக் கிடக்காமல், தம் மக்கள் சொந்த நிலத்தில் பயிர் செய்து நிமிர வேண்டும் என்பது அவர் எண்ணம். 1882-இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் சுமார் 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். ஆக, பெயர் தந்தவர் மதராஸ்காரர். நிலம் தந்தவர் கன்னட நாட்டு அரசர்.

ஐரோப்பியக் கிராமம் போலவே ஊரை அமைத்தார்கள். நடுவே வட்டமான திடல், அதைச் சுற்றித் தோட்டம் வைத்த ஓட்டு வீடுகள். இன்றும் அந்த இடத்துக்கு ‘இன்னர் சர்க்கிள்’ என்றே பெயர். பக்கத்திலேயே 1886-இல் எழுந்த மெமோரியல் சர்ச். 1896-இல் பெங்களூருக்குப் பட்டாள அதிகாரியாக வந்த வின்ஸ்டன் சர்ச்சில் இங்கிருந்த வேவர்லி விடுதிக்கு வந்துபோனார் என்று ஒரு கதையும் உண்டு. அது கதைதான், சான்று கிடையாது.

வீடு ஐரோப்பிய பாணி, அடுப்படியோ நம்முடையது! ஆங்கிலோ-இந்தியர் சாதத்தில் ஊற்றிக்கொள்ளும் ‘பெப்பர் வாட்டர்’ நம்ம மிளகு ரசத்தின் உடன்பிறப்பு. அவர்கள் கிறிஸ்துமசுக்குச் சுடும் ‘ரோஸ் குக்கி’ நம் வீட்டு அச்சு முறுக்கேதான்.

இவ்வளவு ஆசையாய்க் கட்டியும், விவசாயக் கனவு நினைத்த அளவு பலிக்கவில்லை. 1947-க்குப் பின் ஆங்கிலோ-இந்தியர் பலர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று கிளம்பிப் போனார்கள். பழைய வீடுகள் பலவற்றின் இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். 2023 மார்ச்சில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. மிச்சமிருக்கும் ஓட்டு வீடுகள் இன்னும் எத்தனை நாளோ!

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பத்திரம் பதிந்தால் வீடு சொந்தமாகும், ஊர் சொந்தமாகாது. ஊரின் கதை தெரிய வேண்டும், அக்கம்பக்கத்தாரோடு கன்னடத்தில் நாலு வார்த்தை பேச வேண்டும். வீட்டில் தமிழ் பேசுவதற்கு அது ஒன்றும் தடையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இன்னர் சர்க்கிளை ஒரு சுற்று நடந்து வாருங்கள். “இது நம்ம ஊரு” என்று அவர்கள் சொல்லும்போது, அது வெறும் விலாசமாக இருக்கக் கூடாது.