பதினைந்து கோல் வெற்றிக்கு எத்தனை மதிப்பெண்?

ஆட்டம் முடிந்த மறுநாள் ஒவ்வொரு வீரருக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது ஐரோப்பியப் பத்திரிகைகளின் வழக்கம். நம்மூரில் அந்த வேலையை டீக்கடை பார்த்துக்கொள்கிறது. நெய்வேலி நகரியத்தில் இரண்டு கல்லூரி அணிகள் மோதி 1-0 என்று முடிந்தால் பேச்சு இரவு வரை நீளும். 9-0 என்று முடிந்தால் இரண்டே வரிதான். "ஜெயிச்சவனுக்குப் பத்துக்குப் பத்து. தோத்தவன் ஆடவே லாயக்கில்ல."

இந்த இரண்டு வரியிலும் கோளாறு இருக்கிறது. உண்மையில், ஒருதலையாக முடிந்த ஆட்டத்துக்கு மதிப்பெண் போடுவதுதான் கடினமான வேலை. இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் பதினோரு ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

ஒரு வாரத்தில் தலைகீழ்

2014 செப்டம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. முதல் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் மாலத்தீவை 15-0 என்று வென்றார்கள். சஸ்மிதா மாலிக், கமலா தேவி இருவரும் ஆளுக்கு ஐந்து கோல் போட்டார்கள். அன்றிரவு மதிப்பெண் போட்டிருந்தால் பதினொரு பேருக்கும் பத்துக்குப் பத்து விழுந்திருக்கும். அடுத்த ஆட்டத்தில் தென்கொரியா இந்தியாவை 10-0 என்று வென்றது. அதற்கடுத்து தாய்லாந்தும் அதே 10-0. பிரிவுச் சுற்றோடு இந்தியாவின் பயணம் முடிந்தது.

அப்படியானால் முதல் ஆட்டத்தின் 15-0 பொய்யா? பொய் இல்லை. அது இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் இருந்த இடைவெளியை அளந்தது. இந்திய அணி எவ்வளவு நல்ல அணி என்பதை அளக்கவில்லை. பந்தே வராத கோல்கீப்பருக்கு எப்படி மதிப்பெண் போடுவது? எதிரணி முன்னேறாத ஆட்டத்தில் தற்காப்பு வீரர்களின் திறமையை எங்கே பார்ப்பது? எழுதாத பாடத்துக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. கால்பந்தில் மட்டும் போட்டுவிடுகிறோம்.

2025 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் சியாங்மாய் நகரில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில், இந்தியா மங்கோலியாவை 13-0 என்று வென்றது. பியாரி சாக்சா ஐந்து கோல். தமிழ்நாட்டுப் பெண் பிரியதர்ஷினி செல்லத்துரை இரண்டு கோல். பழைய அனுபவம் தெரிந்தவர்கள் உடனே மதிப்பெண் போடாமல் காத்திருந்தார்கள். அடுத்து கிழக்குத் தைமூரை 4-0, இராக்கை 5-0 என்று இந்தியா வென்றது. ஜூலை 5 அன்று கடைசித் தேர்வு. எதிரில் அதே தாய்லாந்து, அவர்கள் சொந்த மண்ணில், உலகத் தரவரிசையில் இந்தியாவைவிட இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள் முன்னால். சங்கீதா பாஸ்போர் இரண்டு கோல் போட்டார். இந்தியா 2-1 என்று வென்றது. தகுதிச் சுற்றில் ஆடி ஆசியக் கோப்பைக்குள் இந்தியப் பெண்கள் நுழைந்தது இதுவே முதல் முறை. நான்கு ஆட்டத்தில் போட்டது 24 கோல், வாங்கியது ஒன்றே ஒன்று. ஆனாலும் அணிக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது 13-0 இல்லை, 2-1தான்.

எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது?

பெரிய வெற்றியில் பார்க்க வேண்டியவை வேறு. முதல் நான்கு கோல் விழுந்த பிறகு அணி எப்படி ஆடியது? பந்து காலை விட்டுப் போனதும் திரும்ப ஓடிப் பிடித்தார்களா, இடுப்பில் கைவைத்து நின்றார்களா? நல்ல இடத்தில் நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடுத்தார்களா, தன் பெயரில் ஒரு கோல் வரட்டும் என்று தூரத்திலிருந்து உதைத்தார்களா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பயிற்சியாளர் களம் இறக்கினாரா? விழுந்து கிடந்த எதிரணிக்காரனைக் கைகொடுத்துத் தூக்கினார்களா? இவற்றுக்குத்தான் மதிப்பெண். கோல் எண்ணிக்கை ஏற்கெனவே பலகையில் இருக்கிறது. அதை இன்னொரு முறை எழுதுவது மதிப்பீடு ஆகாது.

தோற்ற அணிக்கும் இதே நியாயம்தான். இந்தியாவுக்குப் பத்து கோல் போட்ட தாய்லாந்து, 2019 உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் 13 கோல் வாங்கியது. அமெரிக்காவின் அலெக்ஸ் மார்கன் ஒருவரே ஐந்து போட்டார். ஐந்து நாள் கழித்து சுவீடனிடமும் தாய்லாந்து 5-1 என்று தோற்றது. ஆனால் அந்த ஒரு கோலை, ஆட்டம் முடியும் நேரத்தில் காஞ்சனா போட்டபோது, அணியின் மேலாளர் கண்ணீர் விட்டு அழுதார். பலகையில் அது தோல்விக் கணக்கு. 13-0க்குப் பிறகு மறுபடி பந்தைத் தொட்டவர்களுக்கு அது வேறு கணக்கு.

மேலே இருப்பவரிடம் வாங்கி, கீழே இருப்பவருக்குக் கொடுப்பது. இந்த ஏணியைப் பார்க்கும்போது நமக்கு வேறொரு ஏணி நினைவுக்கு வரும். சாதியைப் படிநிலைச் சமமின்மை என்று அம்பேத்கர் விளக்கினார். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கால்பந்தில் பதினோரு ஆண்டு உழைத்தால் தாய்லாந்தை இந்தியா வெல்லலாம். சாதியில் எத்தனை கோல் போட்டாலும் படி மாறாது.

டோக்கியோவில் நடந்ததை மறக்க முடியாது. 2021 ஜூலை 31 அன்று ஒலிம்பிக் ஹாக்கியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். நான்கு நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. அன்று ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டுக்கு முன்னால் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோற்றது என்று சாதி சொல்லி ஏசினார்கள் என்று அவர் குடும்பத்தார் காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். வென்றால் தேசத்தின் வெற்றி. தோற்றால் சேரியின் தோல்வி. மதிப்பெண் தாளைத் திருத்துகிற கை எந்தக் கை என்பதை அந்தப் பட்டாசுச் சத்தம் காட்டிக்கொடுத்தது.

நம் மாவட்டத்துக் கணக்கு

இப்போது நெய்வேலிக்கு வருவோம். 1956-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தோடு திட்டமிட்டு எழுந்த நகரியம் இது. அகலமான சாலை, நிழல் மரம், விளையாட்டரங்கம் எல்லாம் உண்டு. சுற்றிலும் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்கள். அந்த ஊர்களின் காலனிப் பிள்ளைகளுக்கு அறுவடை முடிந்த வயலே மைதானம். நடவு தொடங்கினால் ஆட்டம் நின்றுவிடும். ஒரு பந்து, நாலு பேருக்கு ஷூ, மீதிப் பேருக்கு வெறுங்கால். ஐந்து வயதிலிருந்து புல்தரையில் பயிற்சியாளரிடம் கற்றவனும், கல்லூரியில் சேர்ந்த பிறகு முதல் முறை ஷூ போட்டவனும் ஒரே விசிலுக்கு ஓடுகிறார்கள். 9-0 என்று முடிந்ததும் ஒருவனுக்குத் தகுதி இருக்கிறது, மற்றவனுக்கு இல்லை என்கிறோம். நுழைவுத் தேர்விலும் வேலைக்கான நேர்காணலிலும் நம்மைப் பார்த்துச் சொல்லப்படுகிற அதே வார்த்தை. அங்கே அதை எதிர்த்து வாதாடுகிற நாமே மைதானத்தின் ஓரத்தில் நின்று அதைச் சொல்லலாமா?

இது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. இதே கடலூர் மாவட்டத்தில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனார். கால்பந்து இந்த மண்ணில் சோறு போடும். ஒரு 9-0 தோல்விக்குப் பிறகு ஆட்டத்தை விட்டுப் போகிற பிள்ளை, அந்த வேலை வாய்ப்பையும் சேர்த்து விட்டுவிட்டுப் போகிறான்.

என்ன செய்யலாம்? உலகம் ஏற்கெனவே செய்து பார்த்த வழி ஒன்று உண்டு. 2001 ஏப்ரல் 11 அன்று ஆஸ்திரேலியா அமெரிக்க சமோவாவை 31-0 என்று வென்றது. சர்வதேச ஆட்டங்களில் இன்றுவரை அதுதான் சாதனை. கடவுச்சீட்டுச் சிக்கலால் வழக்கமான வீரர்களைக் கூட்டிவர முடியாமல், பள்ளிப் பையன்களையும் சேர்த்துக்கொண்டு வந்த அணி அது. அடுத்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதல் கட்டத்தைச் சிறிய தீவுகள் தங்களுக்குள் ஆடின. ஆஸ்திரேலியா பிறகுதான் வந்தது. நம் கல்லூரிப் போட்டிகளிலும் முதல் சுற்றிலேயே தோற்றவனை பஸ் ஏற்றி அனுப்பாமல், லீக் முறையில் குறைந்தது மூன்று ஆட்டம் கொடுக்கலாம். புதிய அணிகளுக்கு இரண்டாம் பிரிவு வைக்கலாம். வென்ற அணி மறுநாள் காலை தோற்ற அணியோடு சேர்ந்து ஒரு மணி நேரம் பயிற்சி செய்தால் யாருக்கும் எதுவும் குறையாது.

தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அமெரிக்க சமோவாவுக்காக அந்த 31 கோலையும் வாங்கிய கோல்கீப்பர் நிக்கி சலாப்பு. 2011 நவம்பரில் டோங்காவை 2-1 என்று வென்று அந்த அணி தன் முதல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று வெற்றியைப் பெற்றபோதும் கோல் வாசலில் நின்றவர் அவர்தான். 9-0 என்று முடிகிற ஆட்டத்தில் மற்ற யாரையும்விட அதிகம் பந்தைத் தடுத்தவர் தோற்ற அணியின் கோல்கீப்பராகவே இருப்பார். அடுத்த முறை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வரும்போது, உங்கள் நோட்டில் அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.