விழுந்த பின்னும் போர்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, வயல்கள் சூழக் கிடப்பது வெல்லாவெளி. வாவியின் இரு மருங்கிலும் சீனடி, சிலம்படி என்னும் வித்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு வந்துள்ளன. இவற்றில் தேர்ந்த ஒருவர், நிலத்தில் விழுந்து கிடந்து பொருதும் கலையையும் கற்கப் புகுந்தால், அவர் எவற்றை மறக்கவேண்டும், எவற்றைப் புதிதாகப் பயிலவேண்டும்?

சிலம்பம் நின்று ஆடுங் கலை. அதன் உயிர் காலடியில் இருக்கிறது. கம்பு சுழல்வதற்கு இடம் வேண்டும். எதிரி அந்த வட்டத்தைக் கடந்து உட்புகுந்து இடுப்பைக் கட்டிக்கொண்டானாயின், எவ்வளவு நல்ல கம்பும் வெறும் விறகே. இருவரும் சேர்ந்து நிலத்தில் வீழ்வர். பெரும்பாலான சிலம்பப் பாடங்கள் அந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன, சண்டையோ முடிவதில்லை.

நிலப்போர் அந்நிய நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவாரும் உளர். அவர்கள் புறநானூற்றின் எண்பதாம் பாட்டைப் பார்க்கவேண்டும். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் அதிலே காட்டுகிறார். சோழனுடைய ஒரு கால் மல்லனின் மார்பின்மேல் மடிந்து அழுத்துகிறது. மற்றைக் கால் அவனுடைய மாற்று முயற்சிகளைத் தடுத்துப் பின்புறமாக வளைகிறது. இன்று யூடோ பயிற்றும் எந்த ஆசிரியரும் இந்த நிலையை ஒரே பார்வையில் அடையாளங் காண்பார். சிங்கள மக்களின் அங்கம்பொரவிலும் பிடிகளும் பூட்டுகளும் உண்டு.

ஆயினும், எல்லா மல்லரும் நிலத்தில் ஒரே வகையாக நடந்துகொள்வதில்லை. விதி எப்படியோ, பழக்கமும் அப்படியே. தோள் இரண்டும் தரையிற் பட்டால் தோல்வி என்னும் விதியுள்ள மற்போரில், விழுந்தவன் குப்புறப் புரண்டுவிடுவான். 1910 ஆம் ஆண்டு இலண்டனில் இந்திய மல்லர் காமாவை எதிர்த்த போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக நீடித்த அப்போட்டியின் பெரும் பகுதியை விரிப்போடு ஒட்டிக் கிடந்தே கழித்தார். காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை, முடிவு சமநிலையாயிற்று. 1928 ஆம் ஆண்டு பாட்டியாலாவில் அவ்விருவரும் மீண்டும் மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றுவிட்டார். எனினும், அன்று இலண்டனில் ஸ்பிஸ்கோவைக் காத்த அதே கிடை, கழுத்தை நெரிக்க இடந்தரும் போட்டியாயிருந்தால் அவருக்கு வினையாகியிருக்கும். எதிரிக்கு முதுகைக் கொடுத்தவன் கழுத்தையும் கொடுத்தவனாவான்.

இந்த வேறுபாட்டை நன்கு வளர்த்தவர்கள் பிரேசில் நாட்டினர். யப்பானில் ஜிகோரோ கானோ பழைய யுயுத்சு வித்தைகளைக் கற்று, 1882 ஆம் ஆண்டு கோடோகன் என்னும் பள்ளியை நிறுவி யூடோவை வகுத்தார். உயிருக்கு ஊறு விளைக்கும் அடிகளை அவர் தாராளப் பயிற்சியிலிருந்து நீக்கினார். அதனால் மாணவர்கள் முழு வலிமையோடும் ஒருவரையொருவர் எதிர்த்துப் பயிலக்கூடியதாயிற்று. அப்பள்ளியின் மயேடா 1914 ஆம் ஆண்டு பிரேசிலை அடைந்தார். அவர் வழியாகக் கிரேசி குடும்பத்தார் அவ்வித்தையைப் பெற்றனர். மல்லாந்து கிடப்பது அவர்களுக்குத் தோல்வியன்று. கால்கள் இரண்டும் அங்கே மேலும் இரு கைகளாகின்றன. 1993 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரிலே, பல வித்தைக்காரர் கலந்த போட்டியில், உடற்கட்டிற் சிறியவரான ரொய்ஸ் கிரேசி தம்மிலும் பெரியவர்களை நிலத்தில் வீழ்த்திப் பணியவைத்தபோதுதான் உலகம் இதனை உற்றுப் பார்த்தது.

சிலம்பக்காரர் முதலிற் கற்கவேண்டியது விழுவது. தடுமாறும்போது நீட்டிய கையை நிலத்தில் ஊன்றுவது மனித இயல்பு. மணிக்கட்டும் காறையெலும்பும் முறிவது அப்படித்தான். மோவாயை மார்போடு சேர்த்து, முதுகை வளைத்து, முழுக்கையையும் பரப்பி நிலத்தில் அறைந்து விழவேண்டும். மாரி வெள்ளாமை வெட்டியபின் வெல்லாவெளியில் வைக்கோலுக்குக் குறைவில்லை. அதைத் தடிப்பாகப் பரப்பி, மேலே படங்கை இழுத்துக் கட்டினால் தொடக்கப் பயிற்சிக்குப் போதும். பயிற்சி முடிந்ததும் படங்கையும் உடலையும் கழுவுவது அவசியம். படர்தாமரை மல்லரின் பழைய பகை.

உடலைக் காட்டிலும் மனமே கடினமாக வளைகிறது. இருபது ஆண்டு கம்பு வீசிப் பெயரெடுத்த ஒருவரை, ஆறு மாதம் நிலப்போர் பயின்ற இளைஞன் எளிதிற் கீழே வைத்து அமுக்கிவிடுவான். தம் மாணவர் முன்னிலையில் அதனை ஏற்பது எளிதன்று. பலர் இரண்டாம் நாளே வராமல் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே. ஆனால், காலடியிற் பெற்ற சமநிலையும், எதிரியின் எடை எப்பக்கம் சாய்கிறது என்பதை உணரும் கூர்மையும் நிலத்திலும் உதவும். தங்கி நிற்பவர்கள் சில மாதங்களில் இதனைக் கண்டுகொள்கிறார்கள்.

தொடக்கத்தில் முழந்தாளிட்ட நிலையிலிருந்தே பிடிக்கலாம். நின்று வீழ்த்துவது பின்னர் வரலாம். கழுத்துப் பூட்டும் மூட்டுப் பூட்டும் தேர்ந்தவர் மேற்பார்வையின்றிப் பயிலத் தக்கனவல்ல. அகப்பட்டவன் கையால் இருமுறை தட்டினால், பிடித்தவன் அந்தக் கணமே விடவேண்டும். தட்டியவன் ஆசானாயினும், பிடித்தவன் நேற்று வந்த பையனாயினும்.