கணினிக்குள் குடியிருக்கும் கணினிகளும் அவற்றின் வட்டுகளும்

ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் இருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு. ஆயினும் கிணறு ஒன்று, கூரை ஒன்று. கணினி உலகிலும் இன்று இத்தகைய ஏற்பாடே பெருகியிருக்கிறது. பெரிய கணினி ஒன்றினுள் மென்பொருளின் துணையால் பத்தோ இருபதோ கணினிகள் தனித்தனியே இயங்குகின்றன. இவற்றை மெய்நிகர் இயந்திரங்கள் என்பர். குடியிருக்கும் ஒவ்வொன்றும் தானே முழுக் கணினி என்று எண்ணிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்றுக்கு இடம் போதாமற் போனால் புதிய வட்டை எவ்வாறு இணைப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இது நேற்று முளைத்த கலை அன்று. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்புக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனை பெரிய கருவி ஏந்தியது 50 லட்சம் எழுத்துகளையே. 1960-களில் அந்நிறுவனத்தார் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் முறையை வகுத்தனர். அப்போதே ஒரு பெரிய வட்டைச் சிறு வட்டுகளாகக் கூறிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒன்றென வழங்கவும் செய்தனர். 2007-இல் கே.வி.எம். என்னும் பகுதி லினக்ஸின் கருவிலேயே சேர்ந்தபின், இவ்வசதி எளிய கணினி வைத்திருப்போருக்கும் கைக்கெட்டியது.

இனி, மெய்நிகர் இயந்திரத்தின் வட்டு என்பது யாது? பெரும்பாலும் அது வெளிக் கணினியில் கிடக்கும் ஒரு கோப்பு, அவ்வளவே. உள்ளிருக்கும் இயந்திரமோ அதனை மெய்யான வட்டென்றே கொள்ளும். அக்கோப்பை அமைக்கும் முறைகள் இரண்டு. 100 ஜிகாபைட் வேண்டுமெனில் அவ்வளவு இடத்தையும் முதலிலேயே ஒதுக்கிவிடுவது ஒன்று. 100 என்று வாக்களித்துவிட்டு, எழுத எழுத இடம் தருவது மற்றொன்று. பின்னது சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் 500 ஜிகாபைட் மட்டுமே கையிலுள்ளவர் ஐந்து குடிகளுக்குத் தலைக்கு 200 என்று வாக்களித்தால் என்ன ஆகும்? எல்லோரும் ஒருசேரக் கேட்கும் நாள் வரும். வெளிக் கணினியில் இடம் தீர்ந்ததும், எழுத முயலும் இயந்திரத்தைக் கே.வி.எம். வழக்கமாக அப்படியே நிறுத்திவைத்துவிடும். உள்ளே நோக்கினால் வட்டு பாதிகூட நிரம்பியிராது. அதனால் குறை எங்கே என்று தெரியாமல் பலர் திகைக்கின்றனர். உள்ளே கோப்புகளை அழிப்பதும் உடனடியாகப் பயன் தருவதில்லை; அழித்த இடத்தைத் திருப்பித் தருமாறு தனியே ஏற்பாடு செய்தாலன்றி வெளிக் கோப்பு சுருங்காது.

இணைக்கும் பணி எளிது. வெளியே புதிய கோப்பொன்றை ஆக்கி, இன்ன இயந்திரத்துக்கு இது வட்டு என்று கட்டளையிட்டால் போதும்; பெரும்பாலும் இயந்திரத்தை நிறுத்தவும் வேண்டியதில்லை. உள்ளே புதிய பெயருடன் வட்டொன்று தோன்றும். ஆனால் அது இன்னும் வெறும் நிலம். அதனைப் பகுதிகளாகப் பிரித்து, அதன்மேல் கோப்பு முறைமையை அமைத்து, ஓர் அடைவில் ஏற்றிய பின்னரே பயன்படும். வட்டு 2 டெராபைட்டுக்கு மேற்பட்டதாயின், பழைய எம்.பி.ஆர். பகுப்பு அட்டவணை முழுவதையும் அளக்கமாட்டாது, ஜி.பி.டி. என்னும் புதிய அட்டவணையே வேண்டும்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பழைய கையெழுத்து ஏடுகளைப் படமெடுத்துச் சேமிக்கும் பணியில் எனக்கும் பங்கிருந்தது. இடம் போதாமையால் புதிய வட்டொன்றை இணைத்து, இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கினோம். முதல் நாள் எஸ்.டி.சி. என்ற பெயரில் தோன்றியதே புதிய வட்டு என்று குறித்துவைத்திருந்தேன். மறுநாள் அப்பெயரின்மேல் கோப்பு முறைமையை அமைக்கக் கட்டளையிட்டேன். இதில் முன்னரே ஒரு முறைமை உள்ளது, தொடரலாமா என்று கணினி கேட்டது. நான் படியாமலே ஆம் என்றேன். இயக்கத்தின்போது பெயர்கள் இடம் மாறியிருந்தன. நான் துடைத்தது ஏடுகள் இருந்த வட்டை. வேறு படி ஒன்று இருந்ததென்னவோ உண்மை. ஆனால் அது பதினொரு நாள் பழையது. அந்தப் பதினொரு நாள் வேலையைத் திரும்பச் செய்தோம். அதற்குள் இரண்டு ஏடுகள் உரியவர் வீட்டுக்குப் போய்விட்டன. மீண்டும் கேட்டு வாங்கச் சென்றபோது எனக்கிருந்த நாணத்தை இங்கே விரிக்க வேண்டாம்.

எஸ்.டி.பி., எஸ்.டி.சி. போன்ற பெயர்கள் வட்டுகள் கண்ணிற்பட்ட வரிசையில் இடப்படுபவை, நிலையானவை அல்ல. கோப்பு முறைமை ஒவ்வொன்றுக்கும் யூ.யூ.ஐ.டி. எனும் தனி அடையாள எண் உண்டு. இயங்கும்போது தானாக ஏற்ற வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்ஸ்டாப் கோப்பில் அந்த எண்ணையே எழுத வேண்டும். வெற்று வட்டுக்கு அவ்வெண் இராது. அதன் அளவையும் வரிசை எண்ணையும் ஒப்பிட்டே அறிய வேண்டும். புதிய வட்டின் அளவைப் பழையதற்கு ஒவ்வாததாக, 200-க்குப் பக்கத்தில் 210 என்பதுபோல் வைப்பது என் வழக்கம். அழகற்றதுதான், ஆனால் கண்டதும் தெரியும். அப்பட்டியலில் நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்ப்பது நலம். இல்லையேல், வட்டு ஒருநாள் காணாமற் போயின் இயந்திரம் முழுமையாக எழாமல் அவசர நிலையிலேயே நின்றுவிடக்கூடும்.

புதிய வட்டுக்கு மாறாக உள்ளதையே பெரிதாக்கவும் இயலும். அப்போது வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லவேண்டும்: முதலில் கோப்பு, பிறகு பகுதி, இறுதியில் கோப்பு முறைமை. சுருக்குவதாயின் வரிசை தலைகீழ். அதில் துணிந்து இறங்குமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கணப்பதிவு என்னும் வசதியைக் காப்புப் படியென்று மயங்குவோர் பலர். அது பெரும்பாலும் மூலக் கோப்பைச் சார்ந்தே நிற்பது. மூலம் அழிந்தால் அதுவும் பயனற்றுப்போகும்.

வட்டைக் கழற்றும்போது, உள்ளே அதனை இறக்கி, பட்டியலிலிருந்து அதன் வரியை நீக்கி, அதன்பின்னரே வெளியே பிரிக்க வேண்டும். பிரித்த கோப்பை நான் அன்றே அழிப்பதில்லை. பெயரை மாற்றி ஒரு மாதம் வைத்திருப்பேன். இதுவரை இருமுறை யாரோ வந்து அதைக் கேட்டிருக்கிறார்கள்.