மழையை மறிக்கும் மலை, வெடி காயும் மண்

ஆடி மாதம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் மழை கொட்டும். இந்தப் பக்கம் சிவகாசியில் புழுதிக் காற்றுதான். பட்டாசு ஆலைகளின் மேடைகளில் தீபாவளிச் சரக்கு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். நடுவில் நிற்பது ஒரே மலை. விருதுநகர் மாவட்டத்தின் மண்ணும் தண்ணீரும் பிழைப்பும் அந்த மலையிலிருந்துதான் தொடங்குகின்றன.

கடல் எங்கே போனது?

1985-இல் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, கடற்கரை ராமநாதபுரத்தோடு போய்விட்டது. காமராஜர் மாவட்டம் என்ற பெயரில் பிறந்த இன்றைய விருதுநகருக்கு நாலு பக்கமும் நிலம்தான். மேற்கு எல்லையில் கேரளம் தொட்டுக்கொண்டு இருந்தாலும், மாவட்டத்துக்குள் மலையைக் கடக்கும் வாகனச் சாலை கிடையாது. செங்கோட்டையையோ குமுளியையோ சுற்றித்தான் போக வேண்டும்.

மலையும் அடிவாரமும்

மேற்கே சதுரகிரி, செண்பகத்தோப்பு மலைக்காடுகள். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமான இந்தக் காடு, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகளை நனைக்கின்றன. நெல்லும் தென்னையும் மாவும் நிற்கும் பச்சை இந்த அடிவாரத்தோடு சரி.

கரிசல்

கிழக்கே வர வர மண் கறுக்கிறது. சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்; வெடிப்புக்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரை போகும். அதே மண் ஒரு மழை பெய்ததும் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். குடித்த ஈரத்தை எளிதில் விடாது. அந்த ஈரத்தை நம்பித்தான் பருத்தி, கம்பு, சோளம், மல்லி எல்லாம். இன்னும் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி வட்டாரம் கண்மாய்களை நம்பி வாழ்கிறது.

காய்ச்சல் எப்படித் தொழிலானது?

தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி மேலேறும்போது குளிர்ந்து, ஈரத்தைக் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும் காற்று சூடேறி வறண்டுவிடும். இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறோம். இங்கே முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவத்தில்தான். ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது.

வெடி மருந்துக்கு ஈரம் ஆகாது. நமத்த திரி பற்றாது. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் சூடேறித் தானே தீப்பிடிக்கவும் கூடும். ஆக, காய்ந்த காற்று இங்கே மூலப்பொருள் மாதிரி, உயிர்க்காவலும்கூட. வானம் பார்த்த பூமியில் பிழைப்புத் தேடிய காலத்தில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-இல் சிவகாசியில் தொடங்கினார்கள். ஊர் வழக்கில் இன்றும் அது ‘தீப்பெட்டி ஆபீஸ்’தான். பட்டாசும் அச்சும் அதன் பின்னால் வந்தன.

குடிக்கத் தண்ணீர்?

மழை மறைவு சிவகாசிக்கு வேலை கொடுத்தது, தண்ணீர் கொடுக்கவில்லை. வைப்பாறு மலையில் பிறந்து, வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியாக ஓடி, தூத்துக்குடி மாவட்டத்தில் கடல் சேர்கிறது. இருக்கன்குடியில் அதோடு அர்ச்சுனா நதி கூடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி இரண்டிலும் மணல்தான் தெரியும். சீமைக்கருவேலம் வேறு மண்டிக் கிடக்கிறது.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட வரும் கூட்டத்தில் பட்டாசுத் தொழிலாளியும் உண்டு, கரிசல் சம்சாரியும் உண்டு. ஒருவருக்கு வெயில் வேண்டும், மற்றவருக்கு மழை வேண்டும். இரண்டு பேர் வீட்டுக் குடத்துக்கும் வேண்டியது ஆற்றுத் தண்ணீர். அது ஊற வேண்டுமென்றால் மேற்கே காடு நிற்க வேண்டும், வழியில் ஓடையும் கண்மாயும் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். புலிகள் காப்பகம் ஏதோ மலைக்காரர்கள் விஷயம் என்று சமவெளிக்காரர்கள் நினைத்துவிடக் கூடாது. நம் குடம் நிறைவது அங்கிருந்துதான்.