வெந்நீர்க் கலனும் பேணுதல் கடனும்

ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் இல்லங்களில் வெந்நீர் வேண்டுமாயின், கொல்லைப்புறத்தில் செம்பு அண்டாவை அடுப்பேற்றித் தென்னை மட்டையும் சருகும் இட்டு எரித்தனர். சற்றே வசதியுடையோர் நடுவில் கரியிடும் குழாய் அமைந்த செம்புப் பாய்லரைப் பயன்படுத்தினர். அவற்றைப் பேணும் முறையை யாவரும் அறிந்திருந்தனர். சாம்பலை அள்ளுதல், புளியிட்டுத் துலக்குதல், உட்புறம் படிந்த உப்பைத் தேய்த்து நீக்குதல் ஆகியன வீட்டு வேலைகளோடு வேலையாக நிகழ்ந்தன. இன்றோ குளியலறைச் சுவரில் ஒரு வெண்ணிறக் கலன் தொங்குகிறது. விசையை அழுத்தினால் வெந்நீர் வருகிறது. உள்ளே நிகழ்வது கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆதலின் அதனைப் பேண வேண்டும் என்னும் எண்ணமும் எழுவதில்லை. இக்கலனுக்குக் காலமுறைப் பேணுதல் தேவைதானா, அன்றிப் பழுதுற்றபோது பார்த்துக்கொள்ளலாமா என்னும் வினாவை ஈண்டு ஆராய முற்படுவோம்.

சொல்லும் வரலாறும்

பொருளை ஆராயுமுன் சொல்லை நோக்குவது தமிழ்த்துறையினரின் வழக்கம். வெம்மை, நீர் என்னும் இரு சொற்களின் புணர்ச்சியே வெந்நீர். தண்மையுடைய நீர் தண்ணீர். ஆதலின் ‘சுடுதண்ணீர்’ என்னும் பேச்சு வழக்கு தன்னுள்ளேயே முரண்படுகிறது. நாம் ‘கெய்சர்’ என வழங்குவது ஐஸ்லாந்து நாட்டிலுள்ள ஒரு வெந்நீர் ஊற்றின் பெயரினின்று பிறந்தது. பொங்கிப் பாய்தல் என்பது அதன் வேர்ப்பொருள்.

1868ஆம் ஆண்டில் இலண்டனில் பெஞ்சமின் வாடி மாஹன் என்பார் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவியை அமைத்து அதற்குக் கெய்சர் எனப் பெயரிட்டார். அதில் புகை வெளியேறப் போக்கி இல்லாமையால் வீட்டில் பயன்படுத்துதல் ஆபத்தாயிற்று. பின்னர் 1889இல், நார்வேயிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வின் ரூட் என்னும் பொறியாளர், நீரைச் சேமித்துத் தானே சூடேற்றும் கலனை உருவாக்கினார். இக்கருவியின் வரலாறு முழுவதும் வசதியும் ஆபத்தும் உடன்பிறந்தனவாகவே வந்துள்ளன என்பது நோக்கத்தக்கது.

கலனின் உள்ளே

மின்சாரத்தால் இயங்கும் சேமிப்புக் கலனில் ஐந்து உறுப்புகள் இன்றியமையாதன. முதலாவது நீரைத் தாங்கும் உட்கலன். பெரும்பாலும் இது எஃகினால் ஆகி, உட்புறம் கண்ணாடி போன்ற பூச்சுப் பெற்றிருக்கும். இரண்டாவது சூடேற்றும் கம்பிச்சுருள். இதனை ‘காயில்’ என்பர். மூன்றாவது வெப்பம் குறித்த அளவை எட்டியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட். நான்காவது துருவினின்று கலனைக் காக்கும் மெக்னீசியத் தண்டு. ஐந்தாவது மிகும் அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு. இவ்வைந்தும் நாளடைவில் தேய்வன அல்லது அடைபடுவன. பேணுதல் என்னும் வினா இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

கடினநீரின் செயல்

நம் ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீரே கிடைக்கிறது. சோப்பு நுரைக்க மறுப்பதும், குழாய் வாயில் வெண்படிவம் காண்பதும் அந்நீர் கடினநீர் என்பதற்குச் சான்றுகள். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. வேறு நீர் கிடையாத இடத்து 600 வரை அனுமதிக்கிறது. கடினநீர் பருகுவதற்குக் கேடன்று. ஆயின் சூடேற்றும் கலனுக்கு அது பகை.

அதற்குக் காரணம் உண்டு. நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், வெப்பம் பெற்றவுடன் கரியமில வாயுவை வெளிவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. இது நீரில் எளிதிற் கரையாதது. ஆதலின் மிகுந்த வெப்பமுள்ள இடமாகிய கம்பிச்சுருளின் மீதே முதலில் படிகிறது. கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சலும் இதே பொருளால் ஆனதுதான். கிளிஞ்சலால் மூடப்பட்ட அடுப்பின் மேல் நீரைக் காய்ச்சுவது போன்ற நிலை அப்போது உண்டாகிறது. வெப்பம் நீரை அடைவது தாமதமாக, சுருளின் உறை தாங்கும் அளவுக்கு மேல் சூடாகி வெடிப்புறுகிறது. உறை வெடித்தால் மின்சாரம் நீரில் கசிய வழி பிறக்கிறது.

15 லிட்டர் கொள்ளளவும் 2 கிலோவாட் திறனும் உடைய கலன், 25 பாகை செல்சியஸ் நீரை 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 18 நிமிடங்கள் எடுக்கும் எனக் கணக்கிடலாம். முன்பு போதிய நேரம் இப்போது போதவில்லை எனில், அல்லது கலனுள்ளே கொதிப்பொலி கேட்கிறது எனில், படிவம் மிகுந்துவிட்டது என ஐயுற வேண்டும்.

தன்னை ஈந்து காக்கும் தண்டு

கலனின் உட்பூச்சில் மயிரிழை அளவு விரிசல் இருப்பினும் அவ்விடத்தில் எஃகு துருப்பிடிக்கும். அதனைத் தடுக்கவே மெக்னீசியத் தண்டு பொருத்தப்படுகிறது. எஃகைவிட எளிதில் அரிபடும் இயல்பினது மெக்னீசியம். ஆதலின் நீரின் அரிப்பு முழுவதையும் தான் ஏற்றுத் தேய்ந்து எஃகைக் காக்கிறது. இவ்வுண்மையை 1824இல் ஹம்ஃப்ரி டேவி என்னும் ஆங்கில அறிவியலறிஞர், கப்பல்களின் அடியில் பதித்த செம்புத் தகடுகளைக் காக்கும் பொருட்டு ஆராய்ந்து வெளியிட்டார்.

தண்டு முற்றிலும் கரைந்தபின் காப்பவர் எவருமிலர். அரிப்பு கலனின் மீதே திரும்புகிறது. தண்டை மாற்றுவது சிறு செலவு. துருவேறி ஓட்டையான உட்கலனை ஒட்டிப் பயன்படுத்த இயலாது. புதிய கலனே வாங்க நேரும். பேணுதலுக்கும் பழுதுபார்த்தலுக்கும் உள்ள வேறுபாட்டை இத்தண்டு ஒன்றே விளக்கப் போதுமானது.

அழுத்தமும் வெப்பமும்

தெர்மோஸ்டாட் பழுதுற்று மின்சாரத்தைத் துண்டிக்கத் தவறினால், மூடிய கலனுள் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாமல் அழுத்தத்தில் அடங்கி நிற்கும். கலன் பிளக்குமாயின் அந்நீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். கலன் குண்டென வெடிப்பது இதனாலேயே. இதனைத் தடுக்க அமைந்ததே பாதுகாப்பு வால்வு. சூடேறும்போது அதனின்று சில துளிகள் சொட்டுவது இயல்பு. சொட்டுகிறதே எனச் சிலர் அதன் வாயைக் கட்டையால் அடைத்துவிடுகின்றனர். உயிருக்கு உலை வைக்கும் செயல் இதுவன்றி வேறில்லை.

வெப்பத்தின் அளவும் கருதத்தக்கது. 60 பாகை நீர் ஐந்தாறு நொடிகளில் தோலை வேகச்செய்யும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அதனினும் விரைவில். ஆயின் கலனுள் வெப்பத்தை மிகக் குறைத்து வைப்பதும் தகாது. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தோரைத் தாக்கிய நுரையீரல் நோயை ஆராய்ந்தபோது, லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் 1977இல் கண்டறியப்பட்டது. வெதுவெதுப்பான தேங்குநீரில் அது பெருகும்; 60 பாகையில் மடியும். ஆதலின் கலனுள் நீரை 60 பாகைக்குச் சூடாக்கி, வாளியில் தண்ணீர் கலந்து இதமாக்கிக்கொள்வதே நன்று. பலநாள் பூட்டிய வீட்டுக்குத் திரும்பியதும், தேங்கிய நீரை நன்கு சூடாக்கி வெளியேற்றிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

மின்சாரமும் எரிவாயுவும்

ஈரமான உடலோடு நிற்கும் இடத்தில் மின்கருவி அமைகிறது. ஆதலின் நிலத்தொடர்பு, அதாவது எர்த் இணைப்பு, சரியாக உள்ளதா என ஆண்டுக்கொருமுறை மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துதல் மற்றுமோர் அரண். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் எவர்க்கும் இயல்வதே.

எரிவாயுக் கெய்சரின் ஆபத்து வேறு. காற்றோட்டமற்ற அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணையும். குளிக்கச் சென்றவர் மயங்கி விழுந்து உயிர் துறந்த செய்திகள் செய்தித்தாள்களில் குளிர்காலந்தோறும் வருகின்றன. இதனைக் குளியலறைக்கு வெளியே, காற்று உலவும் இடத்தில் வைத்தலே முறை. நீலச் சுடர் மஞ்சளாக மாறினால் உடனே நிறுத்திச் சீர்செய்தல் வேண்டும்.

எதிர்வாதமும் விடையும்

‘ஓடுகின்ற கருவியைத் தொடாதே’ என்பாரும் உளர். பத்தாண்டுகள் கைவைக்கப்படாத கலனைத் திடீரெனக் கழுவினால் நீர் ஒழுகத் தொடங்குகிறது என அவர் கூறுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. படிவமே ஓட்டையை அடைத்து நிற்பதும், நெடுநாள் அசையாத வால்வு திறந்தபின் சரியாக மூடாமையும் நேர்வன. ஆனால் இவ்வொழுக்கு பேணியதால் விளைந்ததன்று. பேணாமையால் விளைந்ததைக் காட்டியதேயாகும். மென்னீர் வழங்கும் ஊரில் படிவம் நீக்கும் இடைவெளியை நீட்டலாம் என்பதும் உண்மையே. அங்கும் வால்வையும் எர்த் இணைப்பையும் சோதிக்காமல் விடலாகாது.

நடைமுறை

ஆறு திங்களுக்கொருமுறை வால்வின் நெம்புகோலை உயர்த்தி நீர் வருகிறதா எனக் காண்க. வரும் நீர் சுடும். ஆதலின் எச்சரிக்கை தேவை. ஆண்டுக்கொருமுறை, குளிர்காலம் தொடங்குமுன், மின்சாரத்தைத் துண்டித்துக் கலனை வடித்துப் படிவம் நீக்குக. அப்போதே மெக்னீசியத் தண்டையும் பார்த்து, பெரிதும் தேய்ந்திருப்பின் மாற்றுக. கலனைத் திறக்கும் பணியைத் தேர்ந்த பணியாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும். கூரைமேல் அமைந்த சூரிய வெந்நீர்க் கலனுக்கும் இவ்விதிகள் பெரும்பாலும் பொருந்தும். அதன் கண்ணாடியில் படியும் தூசியைத் துடைத்தல் கூடுதல் வேலை.

பொது இடங்களைப் பற்றி ஒன்று கூறுதல் கடன். பள்ளிவாசல்களிலும், மதரஸா விடுதிகளிலும், மையித்தைக் குளிப்பாட்டும் இடங்களிலும் இன்று இக்கலன்கள் உள்ளன. மார்கழிக் குளிரில் சுப்ஹுத் தொழுகைக்கு உளூச் செய்ய வரும் முதியவர், அங்கு வரும் வெந்நீரை நம்பிக் கைநீட்டுகிறார். வீட்டுக் கலனுக்கு உரிமையாளர் ஒருவர் உளர். பொதுக் கலனுக்கோ எல்லாரும் உரியவர் ஆதலின் எவரும் பொறுப்பேற்பதில்லை. கலனுக்கருகே ஒரு சிறு குறிப்பேட்டைத் தொங்கவிட்டு, சோதித்த நாளையும் சோதித்தவர் பெயரையும் எழுதும் வழக்கத்தை முத்தவல்லிகளும் விடுதிக் காப்பாளர்களும் மேற்கொள்ளலாம். அதற்குப் பெருஞ்செலவு இல்லை.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்கிறோம். அதனைக் கெடாமல் காப்பது மார்க்கம் நமக்கு உணர்த்தும் கடமை. வெந்நீர்க் கலன் சிறு பொருளே. அதனை நம்பி நிற்கும் உயிர் சிறியதன்று. ஆதலின் இல்லத்து வெந்நீர்க் கலனுக்குக் காலமுறைப் பேணுதல் வேண்டும் என்பதே நம் துணிபு. வரும் விடுமுறையில் மாணவர்கள் தத்தம் வீட்டுக் கலனைக் கடைசியாகச் சோதித்தது எந்த ஆண்டு எனப் பெற்றோரிடம் கேட்பார்களாக. விடை கிடைக்காத வீட்டில் அப்பணியை அன்றே தொடங்குதல் நலம்.