பாங்டா செவுளில் இருப்பது புழுவா?

மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அது தொடங்குவதற்குள் பாங்டா வாங்கிவிட பெங்களூரு மர்பி டவுனில் அவசரப்படுகிறார்கள். கூடவே கடிதங்களும் வருகின்றன: செவுளுக்குள் வெள்ளையாக ஏதோ இருந்ததாம், பயந்து மீனையே குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

அது புழு இல்லை. இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த ஒட்டுண்ணி, மீன் பேன். கானாங்கெளுத்தியில், அதாவது நம் பாங்டாவில், இப்படிக் குடியிருப்பதாக வங்கக் கடலிலும் மலபார்க் கரையிலும் பதிவாகியிருப்பது 'நோரிலிகா இண்டிகா'. ஐசோபாடு வரிசை, சைமோதோயிடே குடும்பம்.

செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ஏழு ஜோடிக் கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி. உடல் ஒரு பக்கமாகத் திருகியிருக்கும். செவுள் அறையின் இடுக்குக்குள் வளர்ந்ததால் வந்த கோணல். பெரியது பெண், பக்கத்தில் சிறியது இருந்தால் ஆண். வியப்பு இங்கேதான். இந்தக் குடும்பத்தில் எல்லாமே முதலில் ஆண்தான். மீனில் முதலில் ஏறியது வளர்ந்து பெண்ணாகிவிடும். பின்னால் வருவது, அந்தப் பெண் இருக்கும்வரை ஆணாகவே நிற்கும். அவள் போனால் அதுவும் பெண்ணாக மாறும். முட்டைகளைத் தாய் வயிற்றடிப் பையில் சுமக்கிறாள். ஆறு ஜோடிக் கால்களோடு வெளியே நீந்தி வரும் குஞ்சு சீக்கிரமே ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவுதான். ஏழாவது ஜோடி பிறகுதான் முளைக்கும்.

"மனிதருக்குத் தீங்கில்லை" என்பதோடு அதிகாரிகளின் விளக்கம் முடிந்துவிடுகிறது. நமக்குத் தீங்கில்லை, சரி. மீனுக்கு? பேன் அழுத்திக்கொண்டிருக்கும் இடத்தில் செவுள் இழைகள் தேய்ந்து வெளிறிப்போகின்றன. மீன் மூச்சு விடுவதே அந்த இழைகளால்தான். நம் தட்டுக்கு வருமா வராதா என்பதை மட்டும் வைத்து ஒட்டுண்ணிக்கு இலக்கணம் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மற்ற கேள்விகள்:

தோலில் நூல்போலத் தொங்குவது? பெரும்பாலும் கோபிபோடு, வேறு பிரிவு. இந்தியக் கடல்மீன்களில் உள்ளவற்றை என். கிருஷ்ண பிள்ளை 1985-இல் தனி நூலாகவே தொகுத்திருக்கிறார்.

நாக்கை அழித்து நாக்காக உட்காரும் பேன்? உண்மைதான், கலிபோர்னியா வளைகுடாவின் சங்கரா இன மீனில் கண்டு 1983-இல் எழுதினார்கள்.

வயிற்றுக்குள் சுருண்ட வெள்ளை நூல்? அதுதான் புழு, குடலை உடனே எடுத்துவிட்டு நன்றாக வேகவையுங்கள்.

நம் மேல் ஒட்டுமா? ஒட்டாது.

செவுளில் பேனைக் கண்டால் செவுளோடு கிள்ளி எறியுங்கள். மீனை எறியாதீர்கள்.